340 திருத்தங்கள்

அன்புள்ள ஐயா,

தமிழ் விக்கிப்பீடியாவில் 7 ஆண்டுகளாகப் பங்களித்து வருகிறேன். என் கணக்கில் இதுவரை 340 தொகுப்புகள்தான் (ஒரு மாற்றத்தைச் செய்து சேமித்தால் ஒரு தொகுப்பு) இருக்கின்றன. பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள். கடந்த ஆண்டு வந்து சேர்ந்த ஒருவர் 8 மாதங்களில் 12,000 தொகுப்புகளைத் தாண்டிவிட்டார். ஒரு திருத்தம் பற்றி அவரோடு உரையாடியபோது, "முதலில் உங்கள் எண்ணிக்கையைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அன்று இரவு கணக்குப் போட்டேன். எனக்கு ஆண்டுக்கு 49கூட இல்லை; அவருக்கு மாதத்துக்கு 1,500. விக்கிப்பீடியாவின் வாக்கெடுப்புகளில் வாக்களிக்கக் குறைந்தபட்சத் தொகுப்பு எண்ணிக்கை வேண்டும் என்று விதி வைப்பது நியாயமா? என்னைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் ஆறு எண்கள் இருக்கின்றன. ஒரு கட்டுரையின் தலைப்புகூட இல்லை. எந்த ஊரைப் பற்றிய பிழையைத் திருத்தினீர்கள், எந்தச் சொல்லுக்காக அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றீர்கள், உங்கள் பக்கம் என்ன சான்று இருந்தது, ஒன்றையும் சொல்லவில்லை. அவர் உங்களை எந்தக் கண்ணால் பார்த்தாரோ அதே கண்ணால் நீங்களும் உங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு அவர்மீது வந்த கோபத்தைவிட உங்கள்மீது வந்த கோபம் பெரிது.

வாக்குரிமை விதியை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் சர்ச்சைக்குரிய சில கட்டுரைகளைத் தொடுவதற்கே 500 தொகுப்புகளும் 30 நாள் பழைய கணக்கும் வேண்டும். போலிக் கணக்குகளோடு வருபவர்களைத் தடுக்க ஏதோ ஒரு வேலி தேவைதான். அதன் உயரத்தை அங்கே வேலை செய்பவர்கள் பேசி முடிவு செய்யட்டும்.

சில வாரங்களாக ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உருவான கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். 1879இல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், சொற்கள் ஆளப்பட்டிருக்கும் வரிகளைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. ஊதியம் கிடையாது. சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. யார் எத்தனை அனுப்பினார் என்ற கணக்கும் இருந்தது. தாமஸ் ஆஸ்டின் என்பவர் அனுப்பியவை மட்டும் 1,65,000. இன்றைக்கென்றால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மின்னும்.

ஆனால் சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது மரே தலையில் கைவைத்துக்கொண்டார். 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் இருந்தன. நாள்தோறும் புழங்கும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அரிய சொல் கண்ணில் பட்டதும் எல்லோரும் எழுதி அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை யாரும் நின்று பார்க்கவில்லை. விடுபட்டவற்றை மரேயும் அவருடைய உதவியாளர்களும் மணிக்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

வில்லியம் மைனர் இந்த இடத்தில்தான் வருகிறார். அமெரிக்கப் படையில் மருத்துவராக இருந்தவர். மனநோய் முற்றி, 1872இல் லண்டனில் ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். தன் அறையில் இருந்த பழைய நூல்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒவ்வொரு நூலுக்கும் நுணுக்கி நுணுக்கி ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொண்டார். பிறகு ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் போட்டு, 'இப்போது எந்தச் சொல்லில் இருக்கிறீர்கள்?' என்று கேட்டார். அந்தச் சொல்லுக்கு வேண்டிய மேற்கோள்களை மட்டும் அனுப்பினார். கடந்த நான்கு நூற்றாண்டுகளை இவருடைய மேற்கோள்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று மரே பின்னாளில் எழுதினார். மைனரும் ஆயிரக்கணக்கில் அனுப்பியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன தேவை என்று கேட்டுவிட்டு அனுப்பினார் பாருங்கள், அந்தக் கேள்வி எந்தக் கணக்கிலும் ஏறாது.

உங்கள் விக்கிப்பீடியாவுக்கு வருகிறேன். ஒருவர் பத்து நாள் நூலகத்தில் உட்கார்ந்து, ஒரு கோயில் கல்வெட்டைப் பற்றி எழுதி, ஒரே முறை சேமித்தால் அது ஒரு தொகுப்பு. இன்னொருவர் அதில் ஒரு காற்புள்ளி, பிறகு கட்டுரையை வகைப்படுத்தும் ஒரு பகுப்பு, பிறகு ஓர் இடைவெளி என்று மூன்று முறை சேமித்தால் மூன்று. இது உங்களுக்கே தெரியும். ஆங்கில விக்கிப்பீடியர்கள் இந்த எண்ணிக்கை மோகத்துக்கு ஒரு நோயின் பெயரைப் போலவே 'எடிட்கவுண்டைட்டிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கட்டுரை எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் நிற்பது பிலிப்பைன்ஸில் பேசப்படும் சிபுவானோ மொழியின் விக்கிப்பீடியா. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். பெரும்பாலானவற்றை எழுதியது ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வெர்க்கர் யோஹான்சன் உருவாக்கிய ஒரு நிரல்.

இதைக்கூட விட்டுவிடலாம், நிரலுக்கு வலிக்காது. எனக்குத் தூக்கம் கெட்டது, ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் கதையைப் படித்தபோதுதான். அமெரிக்காவில் ஒரு சிறுவன் பன்னிரண்டு வயதில் அங்கே எழுதத் தொடங்கினான். ஸ்காட்ஸ் மொழி அவனுக்குத் தெரியாது. ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இணைய அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டான். 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவனை நிர்வாகியாகவும் ஆக்கினார்கள். 2020இல் யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, இது எங்கள் மொழியே இல்லை என்று எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதன்பின் அந்தப் பிள்ளையை எல்லோரும் சேர்ந்து ஏசினார்கள். நான் ஏச மாட்டேன். ஒரு சிறிய மொழிக்குத் தொண்டு செய்கிறோம் என்று நம்பி, பள்ளி விட்டு வந்த மாலைகளை எல்லாம் அவன் அதில் கொட்டியிருக்கிறான். முதல் பத்துக் கட்டுரைகளை யாராவது பொறுமையாக வாசித்து, "தம்பி, இந்த வாக்கியம் இப்படி வராது" என்று சொல்லியிருந்தால் ஒன்று அவன் அந்த மொழியைக் கற்றிருப்பான், இல்லையென்றால் வேறு வேலைக்குப் போயிருப்பான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஏறிய எண்ணிக்கையைப் பார்த்தவர்கள், இவ்வளவு எழுதியவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று வாசிக்காமலே நகர்ந்துவிட்டார்கள். எண்ணிக்கை செய்யும் கேடு இதுதான் ச. எழுதியதை வாசித்துத்தான் ஒருவரை மதிக்க வேண்டும். அதற்கு நேரமும் அறிவும் வேண்டும். எண்ணைப் பார்க்க இரண்டும் வேண்டாம். உங்களிடம் "எண்ணிக்கையைப் பாருங்கள்" என்றவர் உங்கள் திருத்தத்தை வாசிக்கவில்லை. நீங்கள் அவருடைய 12,000இல் எத்தனையை வாசித்தீர்கள்? மாதக் கணக்கு போட்ட அந்த இரவில் இருபதையாவது வாசித்திருக்கலாமே! நல்ல கட்டுரைகள் இருந்தால் அவருக்கு ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது கிடைத்திருக்காது.

இருபது வயதில் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துகளின் காலம். கம்பாசிட்டர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி. சனிக்கிழமை மாலை முதலாளி பேரேட்டைத் திறந்து, யார் எத்தனை பக்கம் என்று உரக்க வாசிப்பார். என் பெயர் முதலில் வர வேண்டும் என்று மதியச் சாப்பாட்டைக்கூட அவசரமாக விழுங்குவேன். எங்களோடு மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் புரூஃப் அண்ணாச்சி. அவருக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. அவர் வாசிக்க வாசிக்க எங்கள் பக்கங்கள் தாமதமாகும் என்பதால் முதலாளிக்கு அவர்மேல் எப்போதும் ஒரு சலிப்பு.

ஒரு நாட்டு மருத்துவப் புத்தகம் வந்தது. கையெழுத்துப் பிரதி கிறுக்கலாக இருந்தது. அன்று நான் வழக்கத்தைவிட இரண்டு பக்கம் கூடுதலாகக் கோத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் அண்ணாச்சி பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சாப்பிட்ட கை சரியாகக் காயவில்லை. கோத்த பக்கங்களை இறுக்கிய ஃபாரம் மிஷினில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார். மாலையில் வாசித்த ஒரு வரி சாப்பிடும்போது தொண்டையில் நின்றதாம். பிரதியை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். 'அரைப் பலம்' என்று இருந்ததை நான் 'ஆறு பலம்' என்று கோத்திருந்தேன். பலம் என்பது பழைய எடை அளவு. பேதிக்கான மருந்து அது. குழந்தைகளுக்கு என்று தலைப்பிலேயே இருந்தது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. தவறான எழுத்துகளைக் கொறட்டால் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி ஒருமுறை, உதடு அசைய, வாசித்தார். அந்தச் சனிக்கிழமை பேரேட்டில் என் பெயர்தான் முதலில் வந்தது. வாசித்தபோது என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மிஷின் நின்ற அரை மணி நேரத்துக்காக அண்ணாச்சிக்கு முதலாளியிடம் ஏச்சு கிடைத்தது.

அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் திருத்திய எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. எத்தனை பிழைகளை நீக்கினார் என்று எண்ணவும் வழியில்லை, நீக்கிய பிழை எங்கே தெரியும்?

ஒதுங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் 340இல் எனக்கு ஒன்றுகூடத் தெரியாதே. சண்டை வந்ததாகச் சொன்ன அந்தக் கட்டுரையின் தலைப்பையும், எந்த வரியை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். வாசித்துவிட்டு எழுதுகிறேன்.