வீடு, வளவு, உறுதி: காணிக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவரிடம் கிழக்கிலங்கை ஊர்க்காரர்கள் கேட்டவை

வாழைச்சேனை: சேர், அவசரக் கடன். வட்டிக்காரர் வளவை அறுதி உறுதியாக (முழு விற்பனைப் பத்திரமாக) எழுதக் கேட்கிறார். காசு கட்டியதும் திருப்பி எழுதித் தருவாராம்.

எழுதாதீர்கள். கடன் என்றால் ஈட்டு உறுதி, அதாவது காணியை ஈடு வைக்கும் அடகுப் பத்திரம். ஈட்டில் காணி உங்களுடையது. அவர் வழக்குப் போட்டுத்தான் ஏலத்துக்குப் போகலாம். அறுதியில் அன்றைக்கே அவருடையதாகிவிடும். கடனுக்குத்தான் எழுதினேன் என்று வழக்காட இடமுண்டு, ஆனால் வருடக்கணக்கில் இழுபடும்.

களுவாஞ்சிகுடி: மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதுகிறோம். நாங்களும் அங்கேதான் இருப்போம். எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் இருவருக்கும் சீவிய உரித்து வைத்து எழுதுங்கள். வீடு மகளுடையது, ஆனால் உங்கள் காலம் முடியும்வரை யாரும் எழுப்ப முடியாது. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும், அவராகச் சொல்லமாட்டார். எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் கொட்டிலில் கிடக்கும் பெற்றோரை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று: மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

நினைக்கட்டும்.

காரைதீவு: பெண்ணுக்கே வீடு என்ற வழக்கம்தான் பிழை. ஆண்பிள்ளை தெருவில் நிற்பதா?

இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் தம்பி. புருஷன் விட்டுப் போனாலும், யுத்தத்தில் இறந்தாலும், எங்கள் பக்கத்துப் பெண்ணுக்குத் தலைக்கு மேலே கூரை இருந்தது இந்த வழக்கத்தால்தான். மகன் கலியாணம் கட்டிய இடத்தில் இருப்பான், அவனைப் பற்றிய கவலை எனக்குக் குறைவு. பிழை வேறிடத்தில்: நாலு மகள் உள்ளவர் நாலு வீடு கட்ட வயலை விற்கிறார், பிறகு கடன். அந்தக் கடனுக்கு அறுதி எழுதுகிறார். முதல் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

காரைதீவு: அப்போ வீடு கேட்கும் மாப்பிள்ளையை விட்டுவிடுவோமா?

அவருக்குப் புத்தி சொல்வது என் வேலையில்லை. அடுத்தவர்.

வெல்லாவெளி: அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை, உறுதி இல்லாமல் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிப் பன்னிரண்டு வருடம். நெடுங்காலம் இருந்ததால் வரும் ஆட்சியுரித்து வராதா?

அரச காணியில் வராது. பத்து வருடக் கணக்கு தனியார் காணிக்கு. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் வாங்கியதால் சட்டப்படி பெர்மிட்காரர் இன்னும் பழையவர்தான். பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

திருக்கோவில்: பெர்மிட் காணி, இருபது வருடம்...

மேலே பாருங்கள்.

கிரான்: வெள்ளத்தில் சுவர் விழுந்தது, நட்டஈடு?

கிராம சேவகர்.

செங்கலடி: அப்பாவின் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணியைப் பெறுபவர்) பெயர் இல்லை. அண்ணனுக்கா போகும்?

அம்மா இருந்தால் முதலில் அம்மாவுக்கு. முன்பு பெயர் பதியாவிட்டால் பெண்மக்களுக்கு முன் ஆண்மக்கள். 2022 சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா இருக்கும்போதே பெயரைப் பதிவித்துவிடுங்கள்.

ஆரையம்பதி: சேர், கடனுக்கு அறுதி...

வேண்டாம் என்று சொன்னேனே!