காய்கறி பான்கேக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கேரட், முட்டைக்கோஸ், சுரைக்காய் துருவிப்போட்டு பான்கேக் செய்கிறேன். மேலே சிவந்துவிடுகிறது, நடுவில் வேகவில்லை. திருப்பினால் பிய்கிறது. மாவைக் கூட்டியும் சரிவரவில்லை. ஏன்?

பதில்: மாவைக் கூட்டக் கூட நடுப்பகுதி இன்னும் கனத்துப்போகும். கோளாறு காயிலிருக்கும் தண்ணீரில். சுரைக்காய், முட்டைக்கோஸ் இரண்டின் எடையிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது கசியத் தொடங்கும். கெட்டியாகக் கலந்த மாவும் கல்லில் ஊற்றுவதற்குள் நீர்த்துவிடும்.

துருவிய காய் 300 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசிறி 15 நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். மாவு கரைக்க அதையே அளந்து ஊற்றுங்கள். உப்பு அதிலேயே இருப்பதால் தனியாக உப்பு போடாதீர்கள்.

இந்தக் காய்க்கு மைதா அல்லது கோதுமை மாவு 80 கிராம், அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், முட்டை 1, சாறும் தண்ணீருமாக 80 மில்லி போதும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கலவை மெதுவாகச் சரிந்து விழ வேண்டும், ஓடக் கூடாது. 12 செ.மீ. அகலத்தில் 6 வரும். இதைவிடத் தடிமனாக ஊற்றினால் நடு வேகாது.

கல்லை நன்றாகக் காயவைத்து, 2 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, ஊற்றியதும் தீயை மிதமாக்குங்கள். முதல் 2 நிமிடம் மூடி, அடுத்த 2 நிமிடம் திறந்து வேகட்டும். ஓரம் காய்ந்து, கல்லை அசைத்தால் பான்கேக் தானாக நகரும்போதுதான் திருப்ப வேண்டும். பெரும்பாலும் பிய்வது அவசரத்தால்தான். மறுபுறத்துக்கு 3 நிமிடம்.

கேள்வி: முட்டை சேர்ப்பதில்லை. எது பிடித்துவைக்கும்?

பதில்: மாவில் 3 டேபிள்ஸ்பூனைக் குறைத்து அதே அளவு கடலை மாவு போட்டு, முட்டைக்கு ஈடாக 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூட்டுங்கள். கலவை 10 நிமிடம் ஊறட்டும். சரியாக வேகாவிட்டால் கடலை மாவின் பச்சை வாசனை நிற்கும், அதனால் சற்று மெல்லிசாகவே ஊற்றுங்கள். காயையும் பொடியாகத் துருவ வேண்டும். நீளத் துண்டுகள் முட்டையில்லாத மாவில் பிரிந்து வரும்.

கேள்வி: மொறுமொறுப்பு வேண்டும். ஆனால் ரப்பர் போல வருகிறது.

பதில்: மைதாவை அதிகம் அடித்துக் கலப்பதால் பசைத்தன்மை கூடுகிறது. மாவு திட்டுத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் பசை குறைவாகவே உருவாகும். அரிசி மாவை இன்னொரு டேபிள்ஸ்பூன் கூட்டலாம். பேக்கிங் சோடா வேண்டாம். அது மென்மைக்குத்தான், கூடினால் சோப்புச் சுவை தட்டும்.

சுட்டதைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் ஒரு காரணம். அடியில் தங்கும் ஆவி மொறுமொறுப்பை இளக்கிவிடும். கம்பி வலையில் தனித்தனியாக வையுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கு சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. துருவித் தண்ணீரில் போட்டால் கறுக்காது. 10 நிமிடம் கழித்துக் கிழங்கைப் பிழிந்தெடுத்து, தண்ணீரை மெதுவாக வடித்தால் அடியில் வெள்ளையாக மாவுச்சத்து படிந்திருக்கும். அதை வழித்துக் கலவையில் சேர்த்தால் பிடிப்பும் மொறுமொறுப்பும் கிடைக்கும்.

கேள்வி: கலந்த மாவை மறுநாளுக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், தண்ணீர் விட்டுப்போகும். பிழிந்த காயையும் மாவையும் தனித்தனியாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சுடும் நேரத்தில் கலக்கவும். சுட்டது மிஞ்சினால் எண்ணெயில்லாத கல்லில் சிறுதீயில் இருபுறமும் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தொய்ந்துவிடும்.