450 கெல்வினிலும் விறைப்பு குறையாததற்குக் காரணம் இழுக்கும் திசை

கார்பன் நானோகுழாய் பதித்த பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக் எனும் பாலிமர்) பெட்டியை மூலக்கூறு இயக்கவியலில், அதாவது அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் முறையில், சூடாக்கி இழுத்தும் விறைப்பு ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். குழாயின் அச்சுத் திசையில் இழுக்கிறீர்கள், அதனால்தான் 300-லிருந்து 450 கெல்வினுக்குப் போயும் யங் குணகம் (விறைப்பின் அளவு) அசையவில்லை. பாலிமர் இளகியிருக்கும், ஆனால் அது எண்ணில் தெரியாது.

குழாய் பெட்டியின் இரு முகங்களையும் தொட்டு, பீரியாடிக் எல்லையில் (பெட்டியின் ஒரு முகம் எதிர் முகத்தோடு தொடரும் ஏற்பாட்டில்) தன்னோடு தானே பிணைந்திருக்கும். அப்படியானால் அது முடிவில்லாத குழாய். நீங்கள் சொன்ன 5% கன அளவில், சுமார் 1000 ஜிகாபாஸ்கல் விறைப்புள்ள குழாய் மட்டுமே 50 ஜிகாபாஸ்கல் தருகிறது. பிஎம்எம்ஏ-வின் பங்கு 3-க்குள். அது முழுக்கப் போனாலும் உங்கள் வரைபடத்தில் இரைச்சல் மாதிரிதான் இருக்கும்.

1. அச்சுக்குக் குறுக்காக இழுங்கள். மற்ற இரு திசைகளிலும் அழுத்தத்தை 1 வளிமண்டலத்தில் விட்டுவிடுங்கள், பெட்டி சுருங்கட்டும்.

2. அப்புறம் குழாயே இல்லாத பிஎம்எம்ஏ பெட்டியை அதே வெப்பநிலைகளில் ஓட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். அதுவும் இளகவில்லை என்றால் சிக்கல் விசைப்புலத்திலோ (அணுக்களுக்கு இடையிலான விசைகளைத் தரும் சூத்திரங்கள்), இழுக்கும் முன் பெட்டியைச் சமநிலைப்படுத்தியதிலோ இருக்கிறது; 300 கெல்வினில் அடர்த்தி 1.18 கிராம்/கன செ.மீ. பக்கம் வருகிறதா பாருங்கள்.

ஒன்று கவனம்: மூலக்கூறு இயக்கவியலில் திரிபு வீதம் (பெட்டி நீளும் வேகம்) வழக்கமாக நொடிக்கு 10⁸–10⁹. இவ்வளவு வேகத்தில் பாலிமர் இளக, ஆய்வகத்தில் தெரியும் 105 டிகிரி செல்சியஸைவிட அதிக சூடு வேண்டும். சோதனைத் தரவோடு அப்படியே பொருத்தாதீர்கள்.