வீட்டுத் தோட்டத்துக் கற்பாதையின் இடைவெளிகளில் என்ன தரைமூடிச் செடி வைக்கலாம்?

கேட்டிலிருந்து கிணற்றடி வரை கடப்பைக் கல் பதித்து, கற்களுக்கு நடுவே நான்கு விரல் இடம் விட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். பாதித் தூரம் நல்ல வெயில், மீதி மாமர நிழல். தினமும் ஆள் நடக்கும் பாதை, அதுவும் சென்னை வெயில் என்றால் என் ஓட்டு பொடுதலைக்கே.

காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே அல்ல. ஏரிக்கரை, வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் எங்கும் படர்ந்து கிடக்கும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பெரியவர்கள் பறித்து வந்த அதே பொடுதலைதான். தண்டு ஓடும் வழியில் கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால், ஓரிடத்தில் மிதிபட்டு நசுங்கினாலும் அடுத்த கணு பிழைத்துக்கொள்ளும். மிதிக்க மிதிக்க இலை சிறுத்துத் தரையோடு தரையாகப் படுத்துவிடும். கால் படாத ஓரத்தில் அதுவே சற்று நிமிர்ந்து, இலையும் பெரிதாக வளரும். பாதையில் செடி அடர்ந்தால் பூச்சி பொட்டு அண்டும் என்று வீட்டில் யாராவது பயந்தால், மிதிபடும் இடத்தில் அது தரையோடு படுத்தே கிடக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். உங்கள் போர் தண்ணீர் எப்படியோ, கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. திப்பிலி வடிவத்தில் சின்னஞ்சிறு பூக்கொண்டை, அதைச் சுற்றி வெள்ளைப் பூக்களின் வளையம். பார்க்க அழகு, ஆனால் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால் பூக்கும் காலத்தில் மேலாக வெட்டிவிடுங்கள். பாத்திக்குள்ளும் நுழையப் பார்க்கும். ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் இதன் நெருங்கிய உறவான லிப்பியா (Phyla canescens) மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்ட பெரும் களை. நம் பொடுதலை உள்ளூர்ச் செடி. இருந்தாலும் பாத்தி ஓரமாக அவ்வப்போது மண்வெட்டியால் வெட்டி எல்லை கட்டுவது நல்லது.

நர்சரிக்குப் போனால் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு படர்செடியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்பதும் உண்டு. இலையைக் கவனியுங்கள். மூன்று மடலாகப் பிரிந்தது போலிருந்தால் அது சிங்கப்பூர் டெய்சி. பெயர்தான் சிங்கப்பூர், பூர்விகம் அமெரிக்க வெப்பமண்டலம். உண்மையான கரிசலாங்கண்ணியின் இலை மடல் இல்லாமல் நீண்டிருக்கும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற செடியை விலை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருவானேன்? கீரை என்று நம்பிச் சமைத்துவிடும் ஆபத்து வேறு.

அருகம்புல் மிதியைத் தாங்கும், ஆனால் கல்லுக்கு அடியிலேயே ஓடி மறுபக்கம் தலைகாட்டும். கொரியன் புல் வெயிலில் அழகாக இருக்கும். களை பறிக்கவும் தண்ணீர் விடவும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

எதை நட்டாலும் முதலில் கோரையை ஒழியுங்கள். மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு கிழங்கிலிருந்து கறுத்த மெல்லிய வேர் போன்ற தண்டு ஓடி, அதன் நுனியில் அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று என்று போகும். கடப்பாரையால் நெம்பி, அந்தச் சங்கிலி அறுபடாமல் எடுக்க வேண்டும். செடி மூடிய பிறகு இதைச் செய்யவே முடியாது. இடைவெளியில் எம்-சாண்ட் கொட்டாதீர்கள், அது இறுகிவிடும். செம்மண்ணும் சலித்த மக்கிய எருவும் போதும். பொடுதலைத் தண்டை மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு அரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஐப்பசியின் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். வேர் பிடிக்கும் வரை அதன்மேல் நடக்காதீர்கள்.

மாமர நிழலில் பொடுதலை நோஞ்சானாகத்தான் இருக்கும். அங்கே பாதையின் இரு ஓரமும் வல்லாரை வையுங்கள். ஈரம் கேட்கும், மிதி தாங்காது; ஆகவே கற்களுக்கு நடுவே வேண்டாம். அந்தப் பகுதி இடைவெளியைக் கூழாங்கல்லால் நிரப்பிவிடுங்கள். மாவிலைச் சருகைக் கூட்டி எடுக்கவும் அதுதான் வசதி.