சி.ஆர்.எம். வாங்குகிறீர்களா? இணைப்பை முதலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் சி.ஆர்.எம். மென்பொருள் பற்றி வந்த கடிதங்கள், சுருக்கப்பட்டவை.

கேள்வி: பம்ப்செட் மொத்த வியாபாரம் செய்கிறோம். விசாரணைகள் இந்தியாமார்ட் என்ற இணையச் சந்தை வழியாக வருகின்றன. பில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் போடுகிறோம். சி.ஆர்.எம். விற்பவர் தன்னிடமே இணைப்பு இருக்கிறது என்கிறார். ஆடிட்டர், மென்பொருள்களை நிரல் எழுதாமல் இணைக்கும் ஸாப்பியர் சேவை போதும் என்கிறார். தெரிந்த பையன் ஒருவன் ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசத் திறந்துவைத்திருக்கும் வாசல்) வழியாக இணைப்பைத் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறான். எதை எடுப்பது?
— வாசகர், கோவை

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே வழி வேண்டியதில்லை. இந்தியாமார்ட்டுக்கு சி.ஆர்.எம். நிறுவனமே தரும் இணைப்பை எடுங்கள். ஆனால் விசாரணை வந்தவுடன் தானாக வந்து விழுமா, அல்லது சி.ஆர்.எம். அவ்வப்போது போய் எடுத்து வருமா என்று கேளுங்கள். இரண்டாவது முறையில் சில நிமிடம் தாமதம் ஆகலாம். ஒரே விசாரணை பல விற்பனையாளர்களுக்குப் போகும் சந்தை அது. முதலில் போன் செய்பவருக்கே வியாபாரம்.

டேலியின் சங்கதி வேறு. டேலி பிரைம் உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கிறது. வெளி மென்பொருளோடு எக்ஸ்.எம்.எல். என்ற தரவு வடிவில், வழக்கமாக 9000 என்ற எண்ணுள்ள போர்ட் (கணினியின் தொடர்பு வாசல்) வழியாகப் பேசும். இணையத்தில் இருக்கும் சி.ஆர்.எம். அதை நேரடியாகத் தொட முடியாது. அந்தக் கணினியில் ஓர் இணைப்பு நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கணினியை அணைத்தால் பில்கள் காத்திருக்கும். இதை வாங்கும் முன்பே சொல்லாத விற்பனையாளரை நம்பாதீர்கள்.

விற்பவரின் இணைப்பு, ஸாப்பியர் ஆகிய இரண்டு வழியும் அடைபட்டால் மட்டும் பையனிடம் போங்கள். நிரலும் கடவுச்சொற்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏ.பி.ஐ. பதிப்பு மாறும்போது யார் திருத்துவது, எவ்வளவு கூலி என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எனக்குப் பல ஆண்டுகளாக ஆத்திரமூட்டும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பக்கத்தில் வரிசையாகச் சின்னங்களை ஒட்டி, இத்தனை மென்பொருள்களோடு இணையும் என்கிறார்களே, அது. எங்கள் குடும்ப அச்சகத்துக்கு வாங்கிய மென்பொருளிலும் டேலியின் சின்னம் பெரிதாக இருந்தது. பணம் கட்டியபின் கிடைத்தது, எக்செல் கோப்பு இறக்கும் ஒரு பொத்தான் மட்டும். அந்தக் கோப்பை ஒவ்வொரு மாலையும் நாங்களே டேலிக்குள் ஏற்ற வேண்டியிருந்தது. சின்னத்தைப் போட்டுவிட்டு வேலையை வாங்கியவர் தலையில் கட்டுவது ஏமாற்று. அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆகவே சின்னத்தைப் பார்க்காதீர்கள். எந்தெந்த விவரங்கள் போகும்? ஒருவழியா, இருவழியா? ஒரே முகவரியை இரண்டு பக்கமும் திருத்தினால் எது நிற்கும்? இணைப்பு அறுந்தால் யாருக்குத் தகவல் வரும்? உங்கள் பழைய பில்களில் சிலவற்றைக் கொடுத்து, கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் ரத்தான பில் ஒன்றும், சரக்குத் திரும்பி வந்த கிரெடிட் நோட் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே வாடிக்கையாளரின் எண்ணை +91 சேர்த்தும், சேர்க்காமலும், முன்னால் பூஜ்யம் போட்டும் கொடுங்கள். மூன்று ஆட்களாகப் பதிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு நல்ல தள்ளுபடி கொடுத்தார்கள், வாங்கிவிட்டோம். இது எங்கள் அலுவலகத் தொலைபேசி அமைப்போடு இணையுமா?
— வாசகர், மதுரை

பதில்: பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இலவசச் சோதனைக் காலத்தில் ஒரே நாளில் தெரிந்திருக்கும். விற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் இணைப்பும் சேர்த்துத்தான் விலை என்றார்கள். ஓராண்டுச் சந்தா கட்டினேன். இப்போது இணைப்புக்குத் தனிக் கட்டணம், செய்திக்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். நான் ஒருவனாக நடத்தும் சிறிய ஜவுளிக் கடை இது.
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள், அவர்கள்தான் மறைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். செய்திக் கட்டணம் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் விதிப்பது. 2025 ஜூலை 1 முதல், நாம் அனுப்பும் டெம்ப்ளேட் செய்திகளுக்கு (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளுக்கு) செய்திவாரியாகக் கட்டணம் உண்டு. வாடிக்கையாளர் எழுதியபின் 24 மணி நேரத்துக்குள் தரும் சாதாரணப் பதிலுக்கு இல்லை. எந்த நிறுவனத்திடம் போனாலும் இது இருக்கும். இணைப்புக் கட்டணம் அப்படியல்ல. அது விலைக்குள் அடக்கம் என்று சொல்லி விற்றது, தர வேண்டியதில்லை.

அவர்கள் சொன்ன வாக்கை, பேசிய தேதியோடு மின்னஞ்சலில் எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். வங்கியில் தானியங்கிப் பிடித்தத்தை இன்றே நிறுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் ஒரு தடை வரலாம்: 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு விலக்கு உண்டு; ஆனால் அந்த விளக்கம் பொருள்களைப் பற்றியே பேசுவதால், சந்தா ஒரு சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்படி வந்தாலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு இருக்கிறது. தவறான தகவல் தந்து பெற்ற சம்மதத்தை ரத்துசெய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று அனுப்புங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸாப்பியர் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதே?
— வாசகர், சென்னை

பதில்: அங்கே வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு செயலுக்கும் கணக்கு. ஒரு விசாரணை வந்து, சி.ஆர்.எம்.மில் பதிந்து, அட்டவணையில் ஏறி, மின்னஞ்சல் போய், ஊழியருக்குத் தகவலும் போனால் நான்கு. மாத அளவு 100 செயல் என்றால், அது இருபத்தைந்து விசாரணையில் தீர்ந்துவிடும். வடிகட்டும் படிக்குக் கணக்கில்லை. அதை முதலில் வைத்து, வேண்டாத விசாரணைகளை அங்கேயே நிறுத்துங்கள். சொந்த சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இதே வேலையைச் செய்யும் என்8என் மென்பொருளை அதில் நிறுவி ஓட்டலாம். ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: இரண்டு பேர்தான் இருக்கிறோம். காசு கொடுத்து சி.ஆர்.எம். வேண்டுமா?
— வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். ஸோஹோவின் இலவசத் திட்டம் மூன்று பேர்வரை தாங்கும்.

கேள்வி: எங்கள் பின்னலாடை மொத்த விற்பனையில் இணைப்புகளை அமைத்த ஊழியர் வேலையை விட்டுப் போனார். அவர் கணக்கை நீக்கியதும் இந்தியாமார்ட் விசாரணை வருவதே நின்றுவிட்டது. சில நாள் கழித்துத்தான் கவனித்தோம்.
— வாசகர், திருப்பூர்

பதில்: இணைப்புக்கான அனுமதி அவருடைய கணக்கின் பேரில் இருந்திருக்கிறது, கணக்கோடு அதுவும் போய்விட்டது. நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, எல்லா இணைப்புகளையும் அதிலிருந்து மறுபடி அமையுங்கள். கணக்கை நீக்கியது சரிதான், பழைய ஏ.பி.ஐ. சாவிகளையும் (இணைப்புக்கான ரகசியக் குறியீடுகளையும்) மாற்றிவிடுங்கள், வாடிக்கையாளர் விவரங்கள் அவற்றின் வழியாக வெளியே போகக்கூடும். இடையில் வந்த விசாரணைகள் தொலைந்துவிடவில்லை, இந்தியாமார்ட் கணக்கில் இருக்கின்றன. தேதி குறிப்பிட்டு எடுத்து, இன்றே ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.