பாராடாங் பயணம்: அட்வான்ஸ் கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஆறு பேர் அந்தமான் போகிறோம். உள்ளூர் ஏஜென்ட் ஒருவரிடம் 5 இரவு பேக்கேஜ் பேசி 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய அட்டவணையில் நான்காம் நாள், ‘பாராடாங், சுண்ணாம்புக் குகை, வழியில் ஜாரவா பழங்குடியினரை நேரில் காணலாம்’ என்று இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள், “மனுஷங்களை வேடிக்கை பார்க்கப் போறதா இருந்தா நான் வரலை” என்கிறாள். என் கணவரோ, எல்லோரும் போகிற இடம்தானே என்கிறார். அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் ஏஜென்ட் பாதி அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார். என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. ஏஜென்ட் எழுதி அனுப்பிய அந்த ஒரு வரி சட்டத்துக்கும் விரோதமானது. முதல் வேலையாக அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பாராடாங் தீவுக்குப் போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவாக்களின் காப்புக் காட்டுக்குள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடுகிறது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசை கட்ட வைத்து, குறித்த நேரத்தில் காவல் வண்டியோடு கான்வாயாக அனுப்புவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தின்பதற்கு எதையும் நீட்டக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2012இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். சிறைக்கே போக நேரலாம். சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆட வைத்த வீடியோ 2012 ஜனவரியில் வெளியாகி உலகமே பார்த்ததே, அந்த ஆண்டுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபம்கூட நிறையாத கூட்டம். 1990களின் கடைசியில்தான் அவர்கள் வெளியாட்களோடு பகையில்லாமல் பழகத் தொடங்கினார்கள். 1999இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது, 2006இல் மறுபடியும். நமக்குச் சாதாரணமாக வந்து போகிற தொற்று அவர்களுக்கு அப்படியில்லை. காட்டுக்குள் போகும் சாலைப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. இன்றும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தச் சாலையில் பயணியாகக் கடந்து போவது குற்றமில்லை. வடக்கே இருக்கும் ரங்கத், மாயாபந்தர் ஊர் மக்கள் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அதில்தான் போகிறார்கள். ஆனால் நமக்கு அப்படி அவசரம் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் குகை நன்றாகத்தான் இருக்கும். அங்கேயே இருக்கும் மண் எரிமலை என்பதோ சேறு குமிழியிடும் ஒரு மேடு, அவ்வளவுதான். இதற்காக அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பி, செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்து, படகேறி, குகைக்கு நடந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். ஜாரவா விஷயத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், ஐந்து இரவுப் பயணத்தில் ஒரு முழு நாளை இதற்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்காரர்கள் உடன் வந்தால் சொல்லவே வேண்டாம்.

இனி பணம். உங்கள் ஏஜென்ட் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கக்கூடியது ஹோட்டல் அறைகளுக்கும் ஹாவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் தனியார் கப்பல் டிக்கெட்டுக்கும்தான். அவற்றை ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பது நியாயம். பாராடாங் நாளுக்கு அப்படி என்ன செலவு? கார் வாடகை, குகைப் படகுக்குப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் பணம் கட்டுவார்கள். அந்தக் காரையே வேறு இடத்துக்கு ஓட்டலாம். எனவே ‘ரத்து’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள், ‘மாற்று’ என்று கேளுங்கள். “நான்காம் நாள் பாராடாங் வேண்டாம். அதே வண்டியில் சிடியா டாபு கடற்கரையும் மானிடவியல் அருங்காட்சியகமும் வையுங்கள். பழங்குடியினரைக் காட்டுவதாக எழுதியது சட்டப்படி செல்லாது, அந்த வரியை நீக்கிப் புது அட்டவணை அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதுங்கள். போனில் பேசினால் ஆதாரம் நிற்காது.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சட்டம் தடுத்ததை விற்பனைக்கு வைத்ததற்கு எழுத்து ஆதாரம் இருப்பது தெரிந்தாலே பெரும்பாலான ஏஜென்ட்கள் இறங்கி வந்துவிடுவார்கள்.

சொன்ன அருங்காட்சியகம் போர்ட் பிளேரிலேயே (இப்போது ஸ்ரீ விஜய புரம்) இருக்கிறது. ஜாரவா, ஓங்கே, கிரேட் அந்தமானியர், நிக்கோபாரியர் வாழ்வை அங்கே நிதானமாகப் பார்க்கலாம், யாருக்கும் தொந்தரவில்லை. அந்தமான் கலாச்சாரம் என்றால் காட்டுவாசிகள் மட்டும் என்று நினைப்பதும் ஏஜென்ட்கள் கிளப்பிவிட்டதுதான். நீல் தீவில் காய்கறி போடுகிறவர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறியவர்களின் வாரிசுகள். போர்ட் பிளேர் ஊருக்குள்ளே வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். அப்புறம், கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருக்கின்றன. ஈர உடையோடு கடைத்தெருவில் நடப்பது, ப்ளூடூத் ஸ்பீக்கரை அலறவிடுவது இரண்டும் அங்குள்ளவர்களுக்குப் பிடிக்காது. நமக்கு மட்டும் பிடிக்குமா என்ன?

கேள்வி: அந்தமானிலிருந்து சங்கு, பவளம் வாங்கி வரலாமா? ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்களே. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டுகூட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ளது, இல்லாதது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஸ்கேனரில் அகப்பட்டால் பை திறக்கப்படும். சிப்பிகளில் சில வகைகளுக்கும் தடை உண்டு. எது எது என்று கரையில் நின்றுகொண்டு நம்மால் சொல்ல முடியாது. சங்கு, சிப்பிப் பொருள்கள் மேல் ஆசையாக இருந்தால் அரசு நடத்தும் சாகரிகா எம்போரியத்தில் வாங்கி, பில்லைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்துவிட்டால் கேட்கும் நேரத்தில் காட்ட முடியாது.