போத்தல் நீரில் வேர்விடும் செடிகள்: கேள்வி பதில்

தொடர்மாடி வீடுகளில் செடி வளர்க்கும் பலர், நீரில் வேர் பிடிக்க வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் தருகிறேன்.

வெள்ளவத்தை: அக்கா, மணி பிளான்ட் இலையைக் காம்போடு வெட்டி நீரில் வைத்தேன். ஒரு மாதமாகப் பச்சையாகவே நிற்கிறது. தளிர் ஏன் வரவில்லை?

இனியும் வராது. தனி இலை சிலவேளை வேர்கூட விடும். ஆனால் தளிராக வேண்டிய மொட்டு தண்டின் கணுவில்தான் இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் தடித்த இடமே கணு. அதனருகே பழுப்பு நிறத்தில் சிறு முனை தெரிந்தால், அது வேரின் தொடக்கம். கணுவுக்கு ஒரு விரலகலம் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். கணு நீருக்குள்ளும் இலைகள் வெளியிலும் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை: எந்தத் தண்டை வைத்தாலும் அடி கறுத்து நாறுகிறது. நுவரெலியாவில் மாமி நீரை மாற்றுவதே இல்லை, அவருக்கு மட்டும் எப்படி வேர் வருகிறது?

மாமியின் கைராசி என்று நினைத்து மனம் தளர வேண்டாம், அங்குள்ள குளிர்தான் காரணம். வெட்டிய தண்டு உயிரோடிருக்கவும் வேர் விடவும் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் தேவை. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். கொழும்பின் பகல் வெப்பமான 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 ஆகக் குறைகிறது. அதே வெப்பத்தில் அழுக வைக்கும் பற்றீரியாவோ வேகமாகப் பெருகும். அதனால் மூன்று நாட்களுக்கு ஒருமுறை முழு நீரையும் மாற்றுங்கள். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. குழாய் நீரே போதும்.

கறுத்த பகுதியை, உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உறுதியான தண்டு தெரியும்வரை வெட்டிவிட்டு மறுபடி வையுங்கள். போத்தலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், ஒரு கணு மூழ்கினால் போதும். நீரில் படும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழுப்புநிறப் போத்தல் கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் படும் வெறும் கண்ணாடியில் பாசி பிடிக்கும்.

பம்பலப்பிட்டி: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் போத்தல்களைப் பார்த்து எச்சரித்தார். எல்லாவற்றையும் எறியும்படி அம்மா சொல்கிறார். என்ன செய்வது?

அம்மாவின் பயம் நியாயமானது. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவானது. டெங்கு பரப்பும் நுளம்பு வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரைத்தான் தேடி வருகிறது. நம் வெப்பத்தில் முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஒரு கிழமை முதல் பத்து நாள்வரை எடுக்கும். மூன்று நாளுக்கொருமுறை மாற்றுபவர் வீட்டில் அந்தச் சுற்று முடிவதற்கு இடமில்லை.

ஆனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் ஈரச் சுவரில். அந்த முட்டைகள் காய்ந்தபின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் உரசிக் கழுவ வேண்டும். பழைய நீரைக் கானுக்குள் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். தண்டைச் சுற்றிப் போத்தல் வாயைப் பஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். உப்புப் போடச் சொல்பவர்கள் உண்டு, அது தண்டையே கெடுத்துவிடும். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போவதானால் தண்டுகளைத் தும்புத்தூளில் நட்டுவிட்டுப் போத்தலைக் கவிழ்த்து வைத்துப் போங்கள். இதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் நீரில் வைக்கவே வேண்டாம், தும்புத்தூளிலும் நன்றாக வேர் வரும்.

தெஹிவளை: சீனி, தேன் கலந்தால் விரைவாக வேர் வருமா?

சீனி பற்றீரியாவுக்குத்தான் உணவாகும். ஒன்றும் கலக்காதீர்கள்.

மருதானை: சமையலுக்கு ரம்பையும் கறிவேப்பிலையும் இப்படி வளர்க்க முடியுமா?

ரம்பை மிக எளிது. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிடுங்கி வைத்தால் போதும், பலவற்றில் ஏற்கெனவே வேர் தொங்கும். கங்குனில் இலையைச் சமைத்துவிட்டு மிஞ்சும் தண்டுகூடச் சில நாட்களில் வேர் விடும். கறிவேப்பிலையை நீரில் வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். வேரிலிருந்து முளைக்கும் கன்றையோ, புதிதாகப் பழுத்த பழத்தின் விதையையோ தேடுங்கள்.

முகத்துவாரம்: மஞ்சள் கரையுள்ள ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி வைத்தேன். வந்த குட்டி முழுப் பச்சை. ஏன்?

அந்த மஞ்சள் கரை மரபில் வேறான ஒரு திசுப் படை. வெட்டிய இலையில் புதுக்குட்டி உருவாவது உள்ளேயுள்ள பச்சைத் திசுவிலிருந்து. கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

நாரஹேன்பிட்டி: நீரில் நீளமாக வேர்விட்ட செடி, மண்ணில் நட்டதும் வாடிவிட்டது. நீரிலேயே விட்டிருக்கலாமோ?

நீரில் வளர்ந்த வேருக்கு மயிர்கள் குறைவு, மண்ணிடுக்கில் நீர் தேடி அதற்குப் பழக்கமில்லை. வேர் நீளமாகும்வரை காத்திருந்தால் மாற்றம் இன்னும் கடினமாகும். மூன்று, நான்கு சென்ரிமீற்றர் வந்ததுமே நட்டுவிடுங்கள். பாதி தும்புத்தூள் கலந்த மண்ணை முதல் இரண்டு கிழமைகள் ஈரம் குறையாமல் நிழலில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல நீரைக் குறையுங்கள். நீரிலேயே வைக்க விரும்பினால் மணி பிளான்ட் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வேர் வந்தபின் மாதமொருமுறை, நீரில் கரையும் அல்பேர்ட் உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு கொடுங்கள். போத்தல் கழுவும் வேலை மட்டும் தொடரும்.